தம்பதி, குடும்ப சிகிச்சை மேற்படிப்பு: சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து சேர்பவர்கள் எதைப் பார்த்துச் சேரணும்?

மீன்கரை:

நான் சொல்ற சித்தூர் பாலக்காட்டுச் சித்தூருங்க, ஆந்திரா இல்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை, கோவிந்தாபுரம் வரைக்கும் எம்.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடிச்ச பிள்ளைகள் நிறையப் பேர் இருக்காங்க. பஞ்சாயத்து ஜாக்ரதா சமிதி (பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக் குழு), குடும்பஸ்ரீயோட ஸ்நேகிதா உதவி மையம், பள்ளிக்கூட கவுன்சிலிங், கோயமுத்தூர் ஆஸ்பத்திரின்னு வேலைக்குப் போறாங்க. அங்க வர்ற பிரச்னை தனி ஆளோடது இல்லை. புருஷன் பொண்டாட்டி, மாமியார், கள்ளுக்கடை, பாகப்பிரிவினை எல்லாம் ஒரே முடிச்சா வருது. ஒரு ஆளை உட்காரவெச்சுப் பேசறதுக்குக் கத்துக்கிட்ட படிப்பு அங்க பத்தமாட்டேங்குது.

தம்பதி சிகிச்சை, குடும்ப சிகிச்சைன்னு முறையாப் படிக்கணும்னா இன்னைக்கு என்ன வழி? எந்தப் படிப்பு சட்டப்படி செல்லும்? பணம் கட்டறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்? தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

வாளையாறு:

சட்ட நிலையை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். பலர் ஏமாறுவது இங்கேதான்.

இந்தியாவில் ‘குடும்ப சிகிச்சையாளர்’ என்று தனி உரிமம் கிடையாது. அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோல் தனித் தேர்வோ தனிப் பதிவோ இங்கே இல்லை. ஆகவே ‘இதை முடித்தால் லைசன்ஸ் உள்ள ஃபேமிலி தெரபிஸ்ட்’ என்று விளம்பரம் செய்கிற எந்தப் படிப்பையும் நம்பவேண்டாம்.

மூன்று சட்டங்கள் இதைத் தொடுகின்றன. 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின்கீழ் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் பதிவு பெறுகிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார், சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் யார் என்று வரையறுக்கிறது. பின்னதற்கு சமூகப்பணியில் முதுகலையும், அதற்குமேல் மேற்பார்வையோடு கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்.லும் வேண்டும். 2021ஆம் ஆண்டு துணைநல மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் உளவியலாளர்களும் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களும் இருக்கிறார்கள்.

எம்.ஃபில். பட்டத்தையே யு.ஜி.சி. 2022 விதிமுறைகளில் நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க் ஆகிய இரண்டு துறைகளுக்கு மட்டும் 2025–26 கல்வியாண்டுவரை நீட்டிப்புக் கொடுத்தது. எனவே பழைய கையேட்டைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். மனநல நிறுவனங்களான பெங்களூர் நிம்ஹான்ஸ், கோழிக்கோடு இம்ஹான்ஸ் இரண்டின் சேர்க்கை அறிவிப்பிலும் இப்போது எந்தப் பெயரில் படிப்பு இருக்கிறது என்பதை நேரடியாகப் பாருங்கள்.

இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ‘கவுன்சிலிங் அண்ட் ஃபேமிலி தெரபி’ என்ற பெயரிலேயே எம்.எஸ்ஸி.யும் முதுகலை டிப்ளமாவும் நடந்துவந்தன. எல்லைப்பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்குப் பெரிய வாசல் அதுதான். ஆனால் 2021 சட்டத்துக்குள் வருகிற படிப்புகளை, உளவியல் உட்பட, 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூர, இணையவழி முறையில் நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. உத்தரவிட்டது. ஆகவே தொலைதூரத்தில் எதில் சேர்வதானாலும், இந்தச் சேர்க்கைப் பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று மண்டல மையத்திடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். வாய்மொழி உறுதி போதாது.

மீன்கரை:

ரொம்ப நன்றிங்க சார். அப்படீன்னா பட்டத்தோட பேரை வெச்சு முடிவு பண்ண முடியாது. அப்புறம் எதை வெச்சு?

கண்ணாடிப்பக்கம்:

ஒரே கேள்வி: ‘இந்தப் படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் தம்பதியாக, குடும்பமாக வந்தவர்களை எத்தனை மணி நேரம் பார்ப்பார்? அதில் எத்தனை மணி நேரத்தை மேற்பார்வையாளர் கண்ணால் பார்ப்பார் அல்லது காதால் கேட்பார்?’

‘நிறைய ப்ராக்டிகல் உண்டு’ என்று பதில் வந்தால் அடுத்த இடத்துக்குப் போங்கள். எண் சொல்லவேண்டும். அளவுகோல் தேவையென்றால் அமெரிக்காவில் திருமண, குடும்ப சிகிச்சைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு முன்பு வைத்திருந்த விதியை எடுத்துக்கொள்ளலாம். 500 மணி நேரம் நேரடி சிகிச்சை, அதில் 40 சதவீதம், அதாவது 200 மணி நேரம், ஒருவருக்கு மேற்பட்டோர் அறையில் இருக்கும் அமர்வுகள். மேற்பார்வை 100 மணி நேரம், அதில் பாதி நேரடியாகப் பார்த்தோ ஒலி, ஒளிப் பதிவைப் போட்டோ நடக்கவேண்டும். இங்கே யாரும் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் ஐந்து மணி நேர சிகிச்சைக்கு ஒரு மணி நேர மேற்பார்வை என்ற விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு எந்தப் படிப்பையும் அளந்து பார்க்கலாம்.

கணக்கு கெடுவது எங்கே என்றால், ரோல் பிளேயை மணிக்கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். கணவரைத் தனியாக மூன்று முறை, மனைவியைத் தனியாக மூன்று முறை பார்த்துவிட்டு ‘ஆறு தம்பதி செஷன்’ என்று லாக்புக்கில் எழுதுகிறார்கள். குழந்தைக்குக் கவுன்சிலிங், வெளியே பெஞ்சில் உட்கார்ந்த அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேச்சு, அதுவும் ‘ஃபேமிலி செஷன்’ ஆகிவிடுகிறது. தனியாகப் பார்ப்பது தவறில்லை, சில நேரம் கட்டாயம் தேவை. ஆனால் அது வேறு திறன். இரண்டு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டும்போது உங்கள் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, யார் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறீர்கள், யாரை மூன்று நிமிடமாகப் பார்க்கவே இல்லை என்பதெல்லாம் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால்தான் தெரியும். அதையும் உங்களால் சொல்லமுடியாது, பார்த்துக்கொண்டிருக்கிற இன்னொருவர்தான் சொல்லமுடியும். இந்தத் துறையில் மேற்பார்வையாளர் நேரில் பார்ப்பதற்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

மேற்பார்வையில் மூன்று வகை உண்டு. மாணவர் ஞாபகத்திலிருந்து கேஸைச் சொல்வது அடிமட்டம். நமக்குத் தெரியாமல் செய்ததை நாம் சொல்லமாட்டோமே. பதிவைப் போட்டுப் பார்ப்பது அடுத்தது. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலோ டி.வி. திரையிலோ அப்போதே பார்த்து, இன்டர்காமில் கூப்பிட்டுச் சொல்வது மூன்றாவது. அப்படிக் கூப்பிடும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறிப்பு, ஒரு வாக்கியம்: ‘அப்பாவை மகன் பக்கத்து நாற்காலிக்கு மாறச் சொல்லுங்க.’ மூன்று குறிப்புகளைச் சொன்னால் மாணவர் குடும்பத்தை விட்டுவிட்டுத் தொலைபேசியோடு வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஆளியாறு:

கண்ணாடிப்பக்கம் டீச்சர் சொல்வதில் ஒரு மாற்றுக் கருத்து. இரண்டு வருடம் ஒதுக்க முடியாதவர்களுக்கு ஒரு முறையை மட்டும் எடுத்து ஆழமாகப் படிக்கிற வழி இருக்கிறது. சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்கும் 1980களில் உருவாக்கிய உணர்ச்சி மையத் தம்பதி சிகிச்சைக்கு நான்கு நாள் அடிப்படைப் பயிற்சி, அதன்பிறகு திறன் பயிற்சி, மேற்பார்வை என்று படிப்படியாக இருக்கிறது. காட்மன் தம்பதி சிகிச்சை முறைக்கும் இப்படியே நிலைகள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்து எதிலும் கை வராமல் வெளியே வரும் எம்.எஸ்ஸி.யைவிட இது தேவலை என்பது என் எண்ணம்.

கண்ணாடிப்பக்கம்:

ஆழம் வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன் ஐயா. ஆனால் அந்த நான்கு நாள், ஏற்கெனவே சிகிச்சை செய்துகொண்டிருப்பவருக்காக அமைத்தது. தற்கொலை எண்ணம், மனச்சிதைவின் முதல் அறிகுறி, போதைச் சார்பு, வீட்டு வன்முறை இவற்றை அடையாளம் காணத் தெரியாதவர் அந்தச் சான்றிதழோடு தம்பதிகளைப் பார்க்க ஆரம்பித்தால் ஆபத்து. அடித்தளம் முதலில், அதற்குமேல் ஒரு முறையில் ஆழம். இந்த வரிசையை மாற்றக்கூடாது.

இன்னொன்று. அது தம்பதிக்கான முறை. நம் பக்கத்தில் தம்பதி என்று இரண்டு பேர் மட்டும் வருவது அரிது. குடும்ப சிகிச்சை முன்னோடிகளான மினுச்சினின் அமைப்புமுறை, போவனின் தலைமுறைப் பார்வை, இத்தாலியின் மிலான் குழுவின் கேள்விமுறை இவை தெரியாமல் மாமியாரும் மாமனாரும் உட்கார்ந்த அறையைச் சமாளிக்க முடியாது.

ஆளியாறு:

வரிசை பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அடிப்படைப் பட்டமும் மருத்துவமனைப் பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டும் என் யோசனை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பனங்காடு:

குடும்ப நீதிமன்றப் பக்கத்து வேலையிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பகுதிக்கு வரும் மாணவர் கட்டாயம் கற்கவேண்டியது ஜெனோகிராம், அதாவது குடும்ப உறவு வரைபடம். ஆனால் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடி வரைந்தால் நம் குடும்பம் அதில் அடங்காது.

அடிப்படை எல்லோருக்கும் தெரியும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், யாருக்காக வந்தார்களோ அவருக்கு இரட்டைக் கோடு. வயது உள்ளே, இறந்தவருக்குப் பெருக்கல் குறி. திருமணம் கிடைக்கோடு, பிரிந்திருந்தால் ஒரு வெட்டு, விவாகரத்துக்கு இரண்டு. சண்டைக்கு நெளிகோடு. குறைந்தது மூன்று தலைமுறை. சொந்தத்தில் கல்யாணம் என்றால் கிடைக்கோட்டை இரட்டையாகப் போடவேண்டும். அத்தை மகள், மாமன் மகள் என்றால் இது போதும், இருவரும் ஒரே வரிசையில் இருப்பார்கள்.

அக்கா மகளைக் கட்டியிருந்தால் வரிசையே குலைந்துவிடும். பிறப்பால் மூன்றாம் வரிசையில் இருக்கும் பெண், கல்யாணத்தால் இரண்டாம் வரிசைக்கு வருகிறாள். கணினி மென்பொருள் பலவும் கணவன் மனைவியை ஒரே வரிசையில்தான் வைக்கும். மாணவர் அதற்குப் பணிந்து பெண்ணை மேலே ஏற்றிவிடுவார், அவள் தன் அம்மாவுக்குத் தங்கை மாதிரி ஆகிவிடுவாள். அப்படிச் செய்யாதீர்கள். பெண்ணைப் பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து கணவருக்குச் சாய்வாக இரட்டைக் கோடு போடுங்கள். குழந்தைகளைப் பெண்ணுக்குக் கீழே எழுதுங்கள். ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு மூன்று கல்யாணம் இருந்தால் கோடுகள் சிக்கிக்கொள்ளும். அப்போது அந்த நபரை இரண்டு இடத்தில் வரைந்து, இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்துப் புள்ளிக்கோட்டால் இணைக்கலாம். ஏ3 தாளும் பென்சிலும்தான் இதற்கு வசதி.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் இருக்கிறது. அக்கா மகளைக் கட்டியவருக்கு மாமியார் என்பவர் கூடப்பிறந்த அக்கா. மனைவிக்கு மாமியார் அம்மாவைப் பெற்ற பாட்டி. கணவன் மனைவி சண்டையில் பெண் ‘பிறந்த வீட்டுக்கு’ப் போனால், அது கணவருடைய அக்கா வீடு. அக்கா யார் பக்கம் நிற்பார்? மகள் பக்கம் நின்றால் தம்பி போச்சு, தம்பி பக்கம் நின்றால் மகள் போச்சு. மூன்றாம் ஆளை இழுத்துத் தம்பதி தங்கள் பதற்றத்தைத் தணித்துக்கொள்வதைப் போவன் முக்கோணம் என்றார். இங்கே அந்த மூன்றாம் ஆள் இருவருக்கும் இரத்த உறவு, அவரால் நகரவே முடியாது. ‘எல்லைக்கோடு போடுங்கள், அம்மாவிடம் சொல்லாதீர்கள்’ என்று புத்தக அறிவுரையை அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பயனில்லை. அக்காவை அறைக்குள் அழைத்து, அவர் படும் இரட்டைப் பாரத்தை முதலில் பேசவைத்தால்தான் தம்பதிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் இன்னும் கவனம் கேட்கும். அண்ணன் தங்கை இந்த வீட்டிலிருந்து, அண்ணன் தங்கை அந்த வீட்டிலிருந்து. ஒரு ஜோடி பிரிந்தால் மற்ற ஜோடியின் பெண்ணையும் திருப்பி அனுப்பச் சொல்லி நெருக்குவார்கள். முதல் அமர்விலேயே ‘உங்க கல்யாணத்தோட சேர்ந்து வேற கல்யாணம் நடந்துச்சுங்களா?’ என்று கேட்கவேண்டும். கேட்காமல் விட்டால், நன்றாகப் போய்க்கொண்டிருந்த தம்பதி திடீரென்று வராமல் போவார்கள், காரணமே புரியாது. காரணம் மற்ற வீட்டில் இருக்கும்.

கடைசியாக, அதே தாளில் வேறு நிறத்தில் பட்டா யார் பேரில், நகை யாரிடம், கடன் யார் கையெழுத்தில் என்று குறியுங்கள். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் உள்ள ஊரில் ‘மாமனார் மதிப்பதில்லை’ என்ற பேச்சுக்குக் கீழே பெரும்பாலும் பிரிக்காத நிலம் கிடக்கும்.

மீன்கரை:

பனங்காடு அக்கா, இதை அப்படியே வகுப்புல வைக்கலாம்ங்க.

கேள்விமுறைன்னு டீச்சர் சொன்னீங்களே, அதை நம்ம பேச்சுல எப்படிக் கேக்கறது?

கண்ணாடிப்பக்கம்:

மிலான் குழு 1980இல் எழுதிய கட்டுரையில் மூன்று தூண்களை வைத்தார்கள்: கருதுகோள், வட்டத்தன்மை, நடுநிலை. பிறகு கனடாவின் கார்ல் டோம் 1988இல் கேள்விகளை நான்காகப் பிரித்தார். பத்தாவது படிக்கும் பையன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான் என்று அப்பா, அம்மா, பாட்டி, தங்கையோடு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

‘எப்ப இருந்து போறதில்லை? ஏன்?’ இது நேர்க்கோட்டுக் கேள்வி. தகவல் வரும், கூடவே குற்றவாளி யார் என்ற தேடலும் வரும்.

‘இவன் காலைல எந்திரிக்கலைன்னா அம்மா என்ன பண்ணுவாங்க? அம்மா சத்தம் போட்டா அப்பா எங்க இருப்பார்? அப்பா வெளிய கிளம்பிட்டா பாட்டி யார்கிட்டப் பேசுவாங்க?’ இது வட்டக் கேள்வி. ஒருவர் செயல் இன்னொருவர் செயலை எப்படி இழுக்கிறது என்பது எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழும். ‘அம்மா கோவிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போயிட்டா முதல்ல யாரு கதவைத் தட்டுவாங்க?’ என்று தங்கையிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டின் நெருக்கமும் தூரமும் ஒரு பதிலில் வந்துவிடும்.

‘ஒரு வாரம் அப்பாவே எழுப்பிப் பார்க்கலாமே?’ இது கேள்வி வடிவில் வந்த யோசனை. உத்திக் கேள்வி என்பார்கள். அடிக்கடி பயன்படுத்தினால் சிகிச்சையாளர் பஞ்சாயத்துத் தலைவர் ஆகிவிடுவார்.

‘வர்ற திங்கக்கிழமையே இவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சுட்டான்னா, இந்த வீட்டுல அடுத்து யாரைப் பத்திக் கவலைப்படுவீங்க?’ இது குடும்பத்தைத் தன்னையே பார்க்கவைக்கும் கேள்வி. அமைதி விழும். அந்த அமைதியை உடனே நிரப்பாமல் இருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

வரிசைப்படுத்தும் கேள்விகளில் நம் ஊரில் எச்சரிக்கை தேவை. ‘இந்த வீட்டுல மருமகளை யார் ரொம்பப் புரிஞ்சுக்கறாங்க?’ என்று மாமியாரை வைத்துக்கொண்டு மருமகளிடம் கேட்டால், அந்தப் பெண் உண்மை சொன்னால் வீட்டுக்குப் போய் அனுபவிப்பாள், பொய் சொன்னால் உங்கள் அமர்வு பொய்யில் ஓடும். பதில் சொல்லி நஷ்டப்படாதவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மாமனார், அல்லது கட்டிக்கொடுத்த நாத்தனார். யாரிடம் முதலில் பேசுவது என்பதிலும் முறை உண்டு. மூத்தவரிடம் முதலில் அனுமதி கேட்பதுபோல் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிறகு சுற்றி வரலாம். நடுநிலை என்று நினைத்துக் கடைக்குட்டியிடம் தொடங்கினால் பாட்டி அன்றே முடிவு செய்துவிடுவார், அடுத்த முறை வரவேண்டாமென்று.

நூறணி:

மொழி பற்றி ஒரு குறிப்பு சேர்க்கிறேன். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம் என்று இருப்பவர்களிடம் வழக்கைப் பற்றிக் கேட்டால் மலையாளத்தில் சொல்வார்கள், அழுகை வரும்போது தமிழுக்குத் திரும்புவார்கள். எந்த இடத்தில் மொழி மாறியது என்று பதிவில் குறித்துவைத்தால் மேற்பார்வைக்கு நல்ல பொருள் கிடைக்கும். கேரளத்துப் படிப்புகளில் கேஸ் ரிப்போர்ட் ஆங்கிலத்தில் கேட்பார்கள். எழுதுங்கள், ஆனால் முக்கியமான பத்து நிமிடத்தையாவது பேசியபடியே தமிழ் எழுத்தில் எழுதி இணையுங்கள். தமிழ் தெரியாத மேற்பார்வையாளர் என்றால், தமிழ் தெரிந்த இரண்டாம் மேற்பார்வையாளரை மாதம் ஒருமுறையாவது ஏற்பாடு செய்யமுடியுமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைக்கவே கூடாது.

பனங்காடு:

வன்முறை பற்றி யாரும் இன்னும் முழுதாக எழுதவில்லை, எழுதிவிடுகிறேன்.

தம்பதி சிகிச்சையைத் தொடங்குமுன் இருவரையும் தனித்தனியாகப் பார்த்தே ஆகவேண்டும். வழக்கமான வரிசை: சேர்ந்து ஓர் அமர்வு, தனித்தனியாக ஒவ்வொன்று, பிறகு சேர்ந்து உட்கார்ந்து நாம் புரிந்துகொண்டதைச் சொல்வது. தனி அமர்வில் ‘அடிப்பாரா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். போனைப் பார்ப்பாரா, சம்பளத்தை யார் வாங்குகிறார், அம்மா வீட்டுக்குப் போக யாரிடம் கேட்கவேண்டும், கழுத்தை எப்போதாவது நெரித்தாரா, இன்று இங்கே பேசியதற்கு வீட்டில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பயம் தெரிந்தால் சேர்ந்த அமர்வு வேண்டாம். அறையில் மனைவி சொன்ன ஒரு வாக்கியம் அன்று இரவு அடியாகத் திரும்பும்.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கவுன்சிலிங்குக்கு அனுப்பலாம். 2006 விதிகளில் 14ஆம் விதி, எதிர்மனுதாரர் தன் வன்முறைக்கு நியாயம் சொல்வதைக் கவுன்சிலிங்கில் அனுமதிக்கக்கூடாது என்கிறது. அதைத் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடவேண்டும். ‘இரண்டு பக்கமும் தப்பு இருக்கும்’ என்ற குடும்ப சிகிச்சைப் பார்வையை இங்கே கொண்டுவந்தால் சட்டத்தையும் மீறுவோம், அந்தப் பெண்ணையும் கைவிடுவோம். குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோ 19ஆம் பிரிவின்படி தகவல் கொடுப்பது கட்டாயம். ‘குடும்பத்துக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்’ என்பது அங்கே கிடையாது. 181 (பெண்கள் உதவி), 1098 (குழந்தைகள் உதவி), 14416 (மனநல உதவி) மூன்று எண்ணும் அறையில் ஒட்டியிருக்கட்டும்.

குடி: ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தைப் போடுங்கள். 40க்கு 8 வந்தால் கவனிக்கவேண்டும், 20 அல்லது அதற்கு மேல் என்றால் சார்பு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கவேண்டும். அமர்வில் உணர்ச்சிவசப்பட்டு ‘நாளைலேர்ந்து தொடமாட்டேன்’ என்று தினசரி குடிப்பவர் மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்வார், மாணவரும் மகிழ்ந்துபோவார். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பமும் நடுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றே மருத்துவரிடம் அனுப்புவது சிகிச்சையின் பகுதி.

ஆளியாறு:

தனி அமர்வில் ரகசியம் சொன்னால் என்ன செய்யச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

கண்ணாடிப்பக்கம்:

முதல் அமர்விலேயே, இருவரும் இருக்கும்போது, ஒரே மாதிரி வார்த்தையில் சொல்லிவிடவேண்டும்: ‘தனியாப் பேசும்போது சொல்றதை நானா மத்தவங்ககிட்டச் சொல்லமாட்டேன். ஆனா அது உங்க ரெண்டு பேர் சிகிச்சையைத் தடுக்கிற விஷயமா இருந்தா, நீங்களே சொல்றதுக்கு உதவி பண்ணுவேன். சொல்ல முடியலைன்னா சேர்ந்து பார்க்கறதை நிறுத்த வேண்டிவரும். உசுருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்துன்னா இந்த வாக்கு செல்லாது. அடி உதை, பயம் பத்திச் சொன்னா, உங்க அனுமதி இல்லாம அதை இங்க எடுக்கவே மாட்டேன்.’ எழுத்திலும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இதைச் சொல்லாமல் தொடங்கி, நான்காம் வாரம் கணவர் வேறு உறவைப் பற்றிச் சொன்னபிறகு விதி கண்டுபிடித்தால், எந்தப் பக்கம் போனாலும் ஒருவருக்குத் துரோகம்.

மீன்கரை:

நம்ம பக்கம் கண்ணாடி அறை எங்கயும் இல்லீங்க. பஞ்சாயத்துக் கட்டடத்துல ஒரு அறை கிடைச்சா அதுல பயிற்சி நடத்த முடியுமா?

கண்ணாடிப்பக்கம்:

முடியும். நார்வேயின் டாம் ஆண்டர்சன் 1985 வாக்கில் தொடங்கிய எதிரொலிக்கும் குழு முறைக்குக் கண்ணாடியே தேவையில்லை. சிகிச்சையாளர் குடும்பத்தோடு உட்கார, இரண்டு அல்லது மூன்று பேர் அதே அறையில் சற்றுத் தள்ளி, குடும்பத்தின் பார்வை நேராகப் படாத இடத்தில் உட்காரவேண்டும். முப்பது நாற்பது நிமிடம் கழித்து, சிகிச்சையாளர் குடும்பத்தின் அனுமதியோடு குழுவைப் பேசச் சொல்வார். குழுவினர் குடும்பத்தைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்து ஐந்திலிருந்து பத்து நிமிடம் பேசுவார்கள். காதால் கேட்டதை மட்டும், ‘இப்படியும் இருக்குமோ’ என்ற தொனியில். நோயின் பெயர், தீர்ப்பு, அறிவுரை மூன்றும் கூடாது. பிறகு குடும்பம் அதைப் பற்றிப் பேசும். கடைசி வார்த்தை குடும்பத்துடையதாக இருக்கவேண்டும். மாணவர்கள் செய்யும் பெரிய தவறு, குழுவில் ஆளுக்கொரு பாராட்டு மழை பொழிவது. அடி வாங்கி வந்த குடும்பத்துக்கு அது பொய்யாகக் கேட்கும்.

அறை ஏற்பாட்டில் ஒலிதான் தொல்லை. தலைக்கு மேலே மின்விசிறி ஓடினால் பதிவில் பேச்சு கேட்காது. சுவரோர விசிறி வைத்து, மைக்கை நடுவில் தாழ்வான முக்காலியில், கீழே மடித்த துண்டின்மேல் வையுங்கள். வருபவர் எண்ணிக்கையைவிட ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள். யார் யாரிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்காருகிறார்கள், எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரியும். தம்பதிக்கு 75 நிமிடமாவது ஒதுக்குங்கள். 45 நிமிட அட்டவணையில் சண்டை தொடங்கும், முடியாது.

வாளையாறு:

அனுபவத்துக்கு இன்னொரு வழி மருத்துவமனைதான். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தில் ஒருவர் நோயாளியோடு தங்குவது நீண்டகால வழக்கம். நிம்ஹான்ஸில் குடும்பத்தோடு சேர்ந்து தங்கிச் சிகிச்சை பெறத் தனி மையமே இருக்கிறது. இத்தகைய இடங்களில் உள்ளகப் பயிற்சியோ பார்வையாளர் பயிற்சியோ கிடைத்தால், நோயாளியோடு குடும்பம் சமைத்து, சண்டை போட்டு, சமாதானமாவதை நாள்முழுதும் பார்க்கலாம். வெளிநோயாளர் அறையில் அது கிடைக்காது.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு: இங்கே பெற்ற பட்டம் அங்கே தானாகச் செல்லாது. கலிஃபோர்னியாவில் உரிமத்துக்கு 3,000 மணி நேர மேற்பார்வைப் பணி கேட்கிறார்கள். பாடத்திட்டம், மணிக்கணக்கு, மேற்பார்வையாளர் கையெழுத்து மூன்றையும் தேதிவாரியாகப் படிக்கும்போதே சேர்த்துவையுங்கள். கல்லூரி முத்திரையை அந்தந்தப் பருவத்திலேயே வாங்குங்கள்.

நூறணி:

ஒரு விஷயத்தில் எல்லோர் கருத்தும் வேண்டும். பல படிப்புகளில் மாணவர் தன் சொந்தக் குடும்பத்தின் ஜெனோகிராமை வரைந்து வகுப்பில் பேசவேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. தன் வீட்டுப் பிணக்கைத் தெரியாதவர் அடுத்தவர் வீட்டில் கண் தெரியாமல் நடப்பார் என்பது நியாயம்தான். ஆனால் சிறிய ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் பேசினால் அது ஊருக்குத் தெரிந்த வீடாக இருக்கும்.

பனங்காடு:

மதிப்பெண் கூடவே கூடாது. செய்தாரா இல்லையா என்று மட்டும் குறிக்கலாம். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது மாணவர் உரிமை. ஒரே ஊர், ஒரே சமூகத்துப் பிள்ளைகள் ஒரே சிறுகுழுவில் இல்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கண்ணாடிப்பக்கம்:

அதோடு, இந்த வேலையை நடத்துபவர் தேர்வு மதிப்பெண் போடுபவராக இருக்கக்கூடாது. சேரும் முன் கேட்கவேண்டிய கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் நம்பிக்கையின் அடிப்படையில்’ என்று பதில் வந்தால் யோசிக்கவேண்டும். மாணவரைப் பாதுகாக்கத் தெரியாத இடத்தில் குடும்பங்களைப் பாதுகாக்கக் கற்றுக்கொள்ள முடியாது.

மீன்கரை:

பதிவு பண்றதுக்கு ஒப்புதல் எப்படி வாங்கறதுன்னு மட்டும் சொல்லிருங்க டீச்சர்.

கண்ணாடிப்பக்கம்:

மூன்று கையெழுத்து, மூன்று தனித்தாள்: சிகிச்சைக்கு, பதிவுக்கு, கற்பித்தலுக்கு. ஒன்றுக்கு மறுத்தாலும் மற்றது நிற்கும் என்று வாயால் சொல்லுங்கள். அறையில் இருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடவேண்டும், குடும்பத் தலைவர் ஒருவர் போதாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேட்டு எழுதுங்கள். பதிவை யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்பது தாளில் இருக்கவேண்டும். சொந்த போனில் பதிவு செய்யக்கூடாது. அது தானாக இணையக் கிடங்குக்குப் போய்விடும், வீட்டில் யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். தனி ரெக்கார்டர், கடவுச்சொல் போட்ட கோப்பு, மேற்பார்வை முடிந்ததும் இரண்டு பேர் முன்னிலையில் அழித்துப் பதிவேட்டில் தேதியோடு கையெழுத்து. எழுதியெடுத்த பத்து நிமிடத்தில் பெயர், ஊர், வீட்டுப்பெயர், கோயில் பெயர் எல்லாம் மாற்றியிருக்கவேண்டும். கொழிஞ்சாம்பாறை அளவு ஊரில் குலதெய்வத்தின் பெயர் ஒன்றே போதும், யார் வீடென்று தெரிந்துவிடும்.